ஒன்பதாவது வளைவு: சேலத்தில் சிபிடி சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு எண் பலகை. ஒன்பதாவது பலகை பஸ் ஜன்னலைக் கடந்த நேரத்தில்தான் எனக்கு முதன்முதலாக நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன, மூச்சு பாதியில் நின்றது, இதோ உயிர் போகிறது என்று உறுதியாக நம்பினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அக்கா வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இசிஜி ஒழுங்காக இருந்தது. மறுவாரம் கீழே எடுத்த எக்கோவும் ஒழுங்காக இருந்தது. “ஒன்றுமில்லை, டென்ஷன்” என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாத அந்த ஒன்று என்னை இரண்டு ஆண்டுகள் மலையேற விடவில்லை. அக்கா மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர்த்தட்டை என் தம்பி சுமந்து போனான். நான் லீ பஜார் மண்டியில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் போனேன். 14 அமர்வுகள். நான் மருத்துவனல்ல, இது சிகிச்சை எடுத்துக்கொண்டவன் எழுதும் வழிகாட்டி. போவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள்

படபடப்பு எல்லாமே மனம் சார்ந்தது அல்ல. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பின் தாளம் தவறினாலும், சர்க்கரை குறைந்தாலும் இதே மாதிரி வரும். ஒருமுறை பொது மருத்துவரிடம் போய் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் ஏழு முறை இசிஜி எடுத்தேன். ஏழாவது தாளும் முதல் தாள் சொன்னதையே சொன்னது. நிம்மதி மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாளில் தீர்ந்துபோனது.

யாரிடம் போவது

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘கவுன்சலிங்’ என்று ஒரே பெயர். உள்ளே மூன்று வகையினர் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சுவழி சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். பெரும்பாலும் மருத்துவ உளவியலில் இரண்டாண்டு எம்.ஃபில். படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்; ஒழுங்காகப் பதிவு செய்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்றாவது வகை ஆலோசகர்கள். அவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சில நாள் சான்றிதழ் வகுப்பு முடித்துப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

ஃபேர்லேண்ட்ஸ், சொர்ணபுரி, ஐந்து ரோடு பக்கம் தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. பணம் இடித்தால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டம் இருக்கும், வாரம் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குவது கடினம். ஆனால் நோயை அடையாளம் காணவும் மருந்துக்கும் அது நல்ல வாசல்.

நேரில் போவதற்கு முன் தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். நீங்கள் சிபிடி முறையில் பயிற்சி பெற்றவரா? என் பிரச்சினைக்குச் சுமார் எத்தனை அமர்வுகள் ஆகும்? வாராவாரம் வீட்டுப்பாடம் உண்டா? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? இதில் மூன்றாவதுதான் உரைகல். வீட்டுப்பாடம் இல்லாத சிபிடி, அடுப்பில் ஏற்றாத உலை.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. நான் முதலில் போன இடத்தில் ஆறு வாரம் என் கதையை அமைதியாகக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் மனம் லேசாகி வெளியே வந்தேன். தியானம் செய்யுங்கள், நேர்மறையாக நினையுங்கள், பழைய பாட்டுக் கேளுங்கள் என்றார்கள். ஆறு வாரம் கழித்தும் ஏற்காடு போகும் வழியிலுள்ள கோரிமேடு தாண்ட முடியவில்லை. கேட்பதும் ஒரு உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் பணம் கட்டியது வேறொன்றுக்கு.

பணமும் நேரமும்

பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள், வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். சிலருக்கு முன்னதாகவே முடியும். ஓர் அமர்வின் கட்டணத்தைக் கேட்டு அத்துடன் நிறுத்தாமல் 12ஆல் பெருக்கிப் பாருங்கள். நான்கு அமர்வோடு பணம் தீர்ந்து நிறுத்துவதைவிட, இரண்டு மாதம் சேர்த்துக்கொண்டு தொடங்குவது மேல். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வாரம் ஒருமுறை போய்வரும் வெளிநோயாளிக் கட்டணம் அதில் சேராது. உங்கள் பாலிசித் தாளை எடுத்துப் படித்துவிடுங்கள்.

முதல் அமர்வு

எனக்குப் பெரிய பயம் நோயல்ல, காத்திருப்பு அறை. செவ்வாய்ப்பேட்டையில் தும்மினால் அம்மாப்பேட்டையில் கேட்கும் ஊர் இது. கடைசி நேரமான இரவு ஏழு மணியைக் கேட்டு வாங்கினேன். இரண்டாம் வாரம் அங்கே எங்கள் மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் ஒருவரைப் பார்த்தேன். இருவரும் தலையாட்டிக்கொண்டோம். இன்றுவரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சொல்வதை வெளியே சொல்ல மாட்டார்கள். மேலே சொன்ன சட்டமே அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாக்குகிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டும் விதிவிலக்கு. குடும்பத்தாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். கணவனோ மனைவியோ கூடவே உள்ளே வந்து உட்காருவது நம்மிடம் வழக்கம். முதல் பத்து நிமிடம் அது உதவும். பிறகு தனியாகப் பேசுவதுதான் நல்லது.

இரண்டு கேள்வித்தாள்கள் தருவார்கள். பிஹெச்கியூ-9 மனச்சோர்வை அளப்பது; ஒன்பது கேள்விகள், மொத்த மதிப்பெண் 27. ஜிஏடி-7 பதற்றத்தை அளப்பது. ஏழு கேள்விகள், மொத்தம் 21. கடந்த இரண்டு வாரத்தை மட்டும் நினைத்து நிரப்ப வேண்டும். முதல் தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. அதில் பொய் எழுதாதீர்கள். ‘ஆம்’ என்று எழுதினால் உடனே எங்காவது அடைத்துவிட மாட்டார்கள். அன்றைய பேச்சு அங்கிருந்து தொடங்கும், அவ்வளவுதான்.

வட்டம் வரைதல்

இரண்டாம் மூன்றாம் அமர்வில் உங்கள் பிரச்சினைக்கு ஒரு படம் வரைவார்கள். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு நோயாளிகளின் மனதில் சட்சட்டென்று தானாக வந்துபோகும் கசப்பான எண்ணங்களைக் கவனித்தார். அந்த எண்ணங்களே துயரத்தை நிலைநிறுத்துகின்றன என்று கண்டார். சிபிடியின் வேர் அது. எண்ணம், உடல், உணர்ச்சி, செயல் என்ற நான்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றுகின்றன.

என் வட்டம் இப்படி இருந்தது. வளைவில் பஸ் திரும்புகிறது, தலை லேசாகச் சுற்றுகிறது. அது இயல்பு, எல்லோருக்கும் வருவது. ‘மாரடைப்பு வருகிறது’ என்ற எண்ணம் வருகிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரக்கும், தலை இன்னும் சுற்றும். ‘பார், சரியாகத்தான் நினைத்தேன்’ என்கிறது மனம். நான் எலுமிச்சம்பழத்தை முகர்கிறேன், கம்பியை இறுகப் பிடிக்கிறேன், பஸ் நின்றதும் இறங்கி ஓடுகிறேன். சாகவில்லை. ஆனால் மனம் எழுதிக்கொள்ளும் கணக்கு வேறு: ‘எலுமிச்சம்பழத்தால் பிழைத்தான்.’

அந்தக் கடைசி வரியைச் சிகிச்சையாளர் எழுதிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளாக நான் எழுதிவந்த பொய்க்கணக்கு அதுதான்.

எண்ணக் குறிப்பேடு

இதுதான் முக்கிய வீட்டுப்பாடம். ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள்: எங்கே, எப்போது, என்ன உணர்ச்சி, நூற்றுக்கு எவ்வளவு, அந்த நொடியில் ஓடிய எண்ணம், அதற்கு ஆதாரம், அதற்கு எதிரான ஆதாரம், இரண்டையும் பார்த்தபின் தோன்றுவது. நான் ஆதாரப் பத்திகளுக்குப் பற்று, வரவு என்றே தலைப்புப் போட்டேன். சிகிச்சையாளர் மேடம் அதைத் தடுக்கவில்லை.

தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதும்போது மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். ‘உணர்ச்சி’ என்ற கட்டத்தில் நான் முதல் வாரம் முழுக்க ‘ஏதோ ஆகிவிடும் போல இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். “இது உணர்ச்சி இல்லை சார், எண்ணம். ‘போல இருக்கிறது’ என்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது” என்றார். உணர்ச்சி என்பது பயம், கோபம், வெட்கம், துக்கம் என்று பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடும். வாக்கியமாக நீண்டால் அது எண்ணம். எண்ணமென்று தெரிந்தால்தான் அதைச் சோதிக்க முடியும். ‘ஏதோ’ என்றால் என்ன என்று அடுத்த கேள்வி. மாரடைப்பா? மயக்கமா? வாந்தியா? பஸ்ஸில் கத்திவிடுவேன் என்பதா? தோண்டத் தோண்ட எனக்குக் கிடைத்தது நான் எதிர்பாராதது. ‘எல்லோர் முன்பும் விழுந்து கிடப்பேன், நாலு பேர் என்ன சொல்வார்கள்?’

“அந்த நாலு பேரின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்பினார். ஒரு வாரம் யோசித்து இரண்டு பெயர்தான் எழுத முடிந்தது. அதில் ஒருவர் இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

குறிப்பேட்டை இரவில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பாதீர்கள். நடந்த அரைமணிக்குள் எழுதினால்தான் எண்ணம் சூடாக அகப்படும். நோட்டு கையில் இல்லாவிட்டால் செல்பேசியில் உங்கள் குரலையே பதிவு செய்துகொள்ளுங்கள். ‘எல்லாம் நல்லதே நடக்கும்’ என்று கடைசிக் கட்டத்தில் எழுதுவதும் வேண்டாம். உங்கள் மனமே அதை நம்பாது. ‘தலை சுற்றும், இதற்கு முன் சுற்றியபோது பத்து நிமிடத்தில் அடங்கியது’ என்பது போல, மண்டியில் சரக்கு எடை போடுவது மாதிரி இருக்கட்டும்.

உடலை வேண்டுமென்றே படபடக்க வைத்தல்

திடீர்ப் பீதிக்கு இது சிறந்த பகுதி, கேட்கும்போது கிறுக்குத்தனமாகத் தெரியும் பகுதியும்கூட. ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். சுழல் நாற்காலியில் சுற்றச் சொன்னார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே மூச்சு விடச் சொன்னார். ஒன்பதாவது வளைவில் வந்த அதே மரத்துப்போதல், அதே சுற்றல், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தது. இரண்டு நிமிடத்தில் போயும்விட்டது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மற்றவர்களும் முதல் தடவை வீட்டில் தனியாக வேண்டாம்.

காபியை நிறுத்தலாமா என்று கேட்டேன். தொடக்கத்தில் குறைக்கலாம், காஃபீன் படபடப்பைத் தூண்டும் என்றார். மாமா காபித் தோட்டத்தில் வேலை செய்பவர். அக்கா வீட்டில் காபி வேண்டாமென்று சொல்வது உறவு முறிக்கும் செயல். எட்டாவது அமர்வில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வரச் சொன்னார். அதுவும் சோதனைதான்.

மலையைத் துண்டு போடுதல்

பயத்துக்கு ஏணி கட்டுவது என்பார்கள். என் ஏணியின் கீழ்ப்படி, நிலையத்தில் நிற்கும் ஏற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கிளம்பும் முன் இறங்குவது. பயம் நூற்றுக்கு 20. அடிவாரம் வரை போய்த் திரும்புவது 35. மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஐந்தாவது வளைவு வரை 50. நண்பரின் காரில் மேலே வரை 65. பஸ்ஸில் மனைவியோடு 75. பஸ்ஸில் தனியாக, ஓட்டுநரிடமிருந்து தள்ளி, நடு இருக்கையில் 90. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நின்றுகொண்டு, கையில் எதுவும் இல்லாமல் 100.

விதிகள் சில. ஒவ்வொரு படிக்கும் முன் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்’ என்று எழுதுங்கள்; இறங்கியபின் ‘என்ன நடந்தது’ என்று எழுதுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பாதீர்கள்; அப்படித் திரும்பினால் ஓட்டம்தான் காப்பாற்றியது என்று மனம் எழுதிக்கொள்ளும். ஒரே படியை ஒரே வாரத்தில் மூன்று நான்கு முறை செய்யுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கும்.

அப்புறம் பாதுகாப்புப் பொருள்கள். என்னிடம் இருந்தவை: எலுமிச்சம்பழம், தண்ணீர் பாட்டில், கையில் எப்போதும் செல்பேசி, சட்டைப் பையில் பதற்றத்தைத் தணிக்கும் ஒரு அல்பிரசோலாம் மாத்திரை. எலுமிச்சம்பழத்தை முதலில் இருக்கையின் கீழே பையில் போட்டேன். அடுத்த முறை மனைவியிடம் கொடுத்தேன். மூன்றாவது முறை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அன்று ஏழாவது வளைவில் 85 வரை ஏறியது பயம். பதினொன்றில் 60. பதினாறில் எனக்கு முன்னால் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. நான் அதன் அம்மாவுக்குக் காகிதம் எடுத்துக் கொடுத்தேன். அந்த இரண்டு மூன்று நிமிடம் என் நெஞ்சை நான் கவனிக்கவே இல்லை என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது.

மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும். தினமும் எடுத்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி விழுங்கவே கூடாது. உளவியலாளர் யாராவது ‘மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்று தாமாகச் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கையில் அம்மா கோட்டை மாரியம்மன் கோயிலில் வேண்டிக் கட்டிய கயிறு ஒன்றும் இருந்தது. அதை மேடம் அவிழ்க்கச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் பதிலோடு போயிருந்தேன். “அது உங்களுக்காகக் கட்டியதா, அம்மாவுக்காகக் கட்டியதா?” என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்காகத்தான். இருக்கட்டும் என்றார்.

மனச்சோர்வு என்றால்

வழி கொஞ்சம் மாறும். மனம் சரியானபின் வேலை செய்யலாம் என்று காத்திருப்பதை நிறுத்தி, சிறிய வேலையை நேரம் குறித்து முதலில் செய்வது. செய்தபின் அதில் கிடைத்த இன்பத்துக்கும் ‘முடித்தேன்’ என்ற நிறைவுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுவது. காலை ஆறரைக்குத் தெருமுனை வரை நடை என்பது போதும். இரண்டு மதிப்பெண் கிடைத்தாலும் எழுதுங்கள். தூக்கமின்மைக்கும், திரும்பத் திரும்பக் கை கழுவுவது போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கும் சிபிடியில் தனித்தனி முறைகள் உண்டு. அவற்றில் பயிற்சி உள்ளவரா என்று கேட்டுப் போங்கள்.

கடுமையான மனச்சோர்வு, மாயக்குரல் கேட்பது, சில வாரம் தலைகால் புரியாத உற்சாகமும் சில வாரம் பாதாளமும், விட முடியாத குடி என்றால் முதலில் மனநல மருத்துவர். மருந்தும் சிபிடியும் எதிரிகள் அல்ல, பலருக்கு இரண்டும் சேர்ந்தே பலன் தரும். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அழுத்தினால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104ம் உண்டு.

முன்னேற்றம் தெரியாவிட்டால்

ஐந்தாறு அமர்வு கழித்து அதே கேள்வித்தாளை மறுபடி நிரப்பி, முதல் நாள் எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் அசையவில்லை என்றால் சிகிச்சையாளரிடம் நேராகச் சொல்லுங்கள். வயதில் பெரியவர், படித்தவர், மனம் புண்படும் என்று நாம் சொல்லாமல் அடுத்த வாரத்திலிருந்து காணாமல் போய்விடுவோம். அது உங்கள் பணத்துக்கும் நல்லதில்லை, அவர் தொழிலுக்கும் நல்லதில்லை. நான்காவது வாரம் நான் வீட்டுப்பாடம் செய்யாமல் போய், மண்டியில் வேலை அதிகம் என்றேன். திட்டவில்லை. அந்த அமர்வு முழுக்க, செய்யவிடாமல் தடுத்த எண்ணம் எது என்பதையே குறிப்பேட்டில் போட வைத்தார். அதன்பின் நான் வேலை அதிகம் என்று சொல்லவில்லை.

முடிக்கும் முறை

நல்ல சிகிச்சையாளர் உங்களை என்றைக்கும் வைத்துக்கொள்ள மாட்டார். கடைசி அமர்வுகள் இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று தள்ளிப்போகும். மறுபடி வந்தால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: முதல் அறிகுறிகள் எவை, எந்தப் படியிலிருந்து மறுபடி தொடங்குவது, எப்போது தொலைபேசியில் அழைப்பது. என் தாளின் முதல் வரி, ‘எலுமிச்சம்பழம் வாங்கத் தோன்றினால் கவனி.’

மறுபடி வரத்தான் செய்தது. ஒரு மழை நாளில் பதினான்காவது வளைவுக்கு மேலே லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. மூடுபனியில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. இறங்கி நடந்துவிடலாம் என்று கால் துடித்தது. நோட்டை எடுத்து எழுதினேன். கணிப்பு: மயங்கி விழுவேன், 80. பக்கத்தில் இருந்த பெரியவர் என்ன எழுதுகிறீர்கள் தம்பி என்று கேட்டார். கணக்கு என்றேன். பஸ் கிளம்பியதும் அடுத்த கட்டத்தை நிரப்பினேன். நடந்தது: இடது கால் மரத்துப்போனது, பெரியவர் என் தோளில் தூங்கிவிட்டார்.